வாசல் பாக்கெட்

ஒரு நாட்டின் தலைவிதி போர்க்களத்தில் அல்ல, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் இரைப்பையில் எழுதப்படுகிறது. இந்த மகத்தான உண்மையைத் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி மூலம் உலகுக்கு அறிவித்தார். உலகம் என்பது அன்றைக்கு ஐந்து வகுப்புப் பிள்ளைகளும், நிழலாகப் பார்த்து ஒதுங்கி நின்ற ஆசிரியர்களும், கொடிக்கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையும்தான். உண்மையை அவர் மூன்றாவது விதமாக விளக்கத் தொடங்கியபோது, வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பொத்தென்று விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தார்கள். பேச்சு நிற்கவில்லை. பெரிய மைக்கின் கையில் மைக் கிடைத்துவிட்டால் விழுந்தவர்கள் விழுந்தவர்கள்தான்.

‘பெரிய மைக்’ என்பது ஆசிரியர் அறையில் அவருக்கு வழங்கி வந்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இரைப்பை விவகாரத்தைத் தொடங்கி வைத்தவர் சுகாதாரத் துறை டாக்டரம்மா. பள்ளிக்கு வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக எடைக் கருவியில் ஏற்றி இறக்கி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமும் எடுத்துக்கொண்டு போனார். முடிவைச் சொல்ல அவரே திரும்பி வந்தார்.

"பாதிப் பேரு பஞ்சு மாதிரி இருக்காங்க. மீதிப் பேரு பஞ்சத்துல அடிபட்ட மாதிரி இருக்காங்க. ஆனா ரெண்டு கூட்டத்துக்கும் இரத்தம் மட்டும் ஒத்துமையா கம்மி. சிப்ஸு, பொரிச்ச கோழி, கலர் தண்ணி, இதுவே உள்ள போய்க்கிட்டிருந்தா உடம்பு ஊதும், சத்து சேராது சார். பருவம் முடியறப்ப மறுபடி வந்து பார்ப்பேன்."

பெரிய மைக் அன்றைக்கே ‘துரித உணவற்ற வளாகம்’ என்று பலகை எழுதச் சொல்லிவிட்டார். பலகை வந்துவிட்டது, பொறுப்பாளர்தான் வேண்டும். ஆசிரியர் அறையில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததும் நிரந்தர ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல் மிஞ்சியவள் அறிவியல் டீச்சர் ஒருத்தி. அவள் தற்காலிகம். ஒவ்வொரு ஆண்டும் கடைசி நாளில் மேசையைத் துடைத்து ஒப்படைத்துவிட்டுப் போவாள். பள்ளி திறந்த பிறகு, யாருக்காவது நினைவு வந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள். இந்த ஆண்டு அந்த நினைவு வரப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

"நல்லபடியா முடிச்சுக் குடும்மா," என்றார் பெரிய மைக். "கல்வி அதிகாரி பார்க்க வரும்போது உன் நிரந்தர ஆணையில கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு."

டீச்சருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இந்த வேலைக்கு வேண்டிய முக்கியத் தகுதியும் அவளிடம் தாராளமாக இருந்தது. அது சந்தேகம். பால் கெட்டுப்போகுமுன்பே கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கிறவள் அவள். "என் சட்டையில ஆரம்பிச்சே, இப்ப ஊரு பிள்ளைங்க வாயிலயும் மோப்பம் பிடிக்கச் சம்பளமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவள் அதைத் தன் திறமைக்குக் கிடைத்த சான்றாகவே கொண்டாள்.

திட்டம் எளிமையானது. பள்ளி வாசலில் ஒரு பெரிய கூடை. காவலாளி பிள்ளைகளின் பையைப் பார்த்து, கடைத் தின்பண்டம் இருந்தால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் மணியடித்ததும் டீச்சர் போய்ப் பார்த்தாள். கூடையின் அடியில் நாலைந்து சிப்ஸ் பாக்கெட்டுகள் சங்கடத்தோடு படுத்திருந்தன.

"இவ்வளவுதானா அண்ணா?"

"இவ்வளவுதான் டீச்சர்."

"இத்தனை பிள்ளைங்க உள்ள வந்திருக்கு. டாக்டரம்மா என்னடான்னா பாதிப் பள்ளிக்கூடம் இதையே தின்னுக்கிட்டிருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க இவ்வளவுதான்னு கூடையைக் காட்டறீங்க."

"பையில இருந்ததை எடுத்தேன். இல்லாததை எப்படி எடுக்கறது?"

"எதிர்க்கடைக்காரரும் நீங்களும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறதை நான் பார்க்கலைன்னு நினைக்காதீங்க."

காவலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. தலை நரைத்த மனிதர். இத்தனை காலத்தில் அவரை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது.

"நாளைக்கு இந்தக் கூடை நிறையணும்," என்றாள் டீச்சர். "ஒரு பிள்ளையையும் சும்மா உள்ள விடாதீங்க."

மறுநாள் கூடை நிறைந்தது. அதற்கடுத்த நாள் வழிந்தது. இன்னொரு கூடை வாங்கினார்கள்.

பெரிய மைக் பூரித்துப்போனார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலையில் ‘அழிப்பு விழா’ என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் பாக்கெட்டுகளைக் குவித்து, உடற்பயிற்சி ஆசிரியரான விசில் வாத்தியாரைப் பூட்ஸ் காலோடு அதன் மேல் நடக்க விடுவார். "இது நஞ்சு! இது நஞ்சு!" என்று மைக் முழங்கும். சிப்ஸ் நொறுங்குகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கும். முதல் வகுப்புக்கு வாய் ஊறும்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் டீச்சருக்கு விபரீத ஆசை ஒன்று வந்தது. டாக்டரம்மா வருவதற்கு முன்னால் நாமே ஒருமுறை எடை பார்த்துவிட்டால் என்ன? வெற்றியை முன்கூட்டியே ருசி பார்க்கலாமே என்றுதான் பார்த்தாள்.

பிள்ளைகள் கனத்திருந்தார்கள். பஞ்சு மாதிரி இருந்தவர்கள் மெத்தை மாதிரி ஆகியிருந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களின் முகம்கூட உப்பலாக, எண்ணெய் வழிந்தபடி இருந்தது. பள்ளியின் பழைய எடைக் கருவியின் முள் பொய் சொல்கிறதோ என்று டீச்சர் தானே ஏறிப் பார்த்தாள். உடனே இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வாசலில் இவ்வளவு பிடித்தும் உள்ளே போகிறதென்றால் வேறு வழி இருக்கிறது. வேறு வழி இருக்கிறதென்றால் ஆள் இருக்கிறான். முதலில் பின்பக்கச் சுவர்மேல் சந்தேகம் வந்தது. இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி நின்று பார்த்தாள். சுவரோரம் ஓர் உருவம் குனிந்து எதையோ அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய்ப் பிடித்தாள். விசில் வாத்தியார். கையில் அவித்த முட்டை.

"ஆசிரியர் அறையில சாப்பிட்டா எல்லாரும் பங்கு கேக்கறாங்க டீச்சர்," என்றார் அவர், வாயில் மஞ்சள் கருவோடு.

அடுத்து வகுப்பறைகள். கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள்.

"ஆ காட்டு. எங்க, ஊது."

"டீச்சர், நீங்க பல் டாக்டருக்குப் படிக்கிறீங்களா?"

"பேசாம ஊதுடா."

ஊதினான். மிளகாய்ப் பொடியும் பொரித்த எண்ணெயும் குப்பென்று அடித்தன. அடுத்தவன் ஊதினான், அதே வாசனை. வரிசை முழுக்க அதே வாசனை. எங்கே வாங்கினாய் என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அந்த வாரத்தில் காய்ச்சல் பரவிப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வாசலில் கூடையும் பாதியாகக் குறைந்தது. டீச்சர் அங்கேயே நின்றுவிட்டாள். காய்ச்சல், பாக்கெட் தின்கிறவனாகப் பார்த்தா பிடிக்கிறது? ஒழுங்காக வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைகளும்தானே படுத்திருக்கின்றன? ஆள் குறைந்த அளவுக்குக் கூடையும் குறைகிறதென்றால் என்ன கணக்கு இது? எதிர்க்கடைக்காரர் காவலாளியோடு சேர்ந்து செய்கிற வேலை என்று உறுதியாகத் தோன்றிற்று. என்ன வேலை என்பதுதான் புரியவில்லை.

புரிய வைக்க வந்தவள் ஒரு தையல்காரி. மூன்றாம் வகுப்பில் ‘குச்சி’ என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒல்லிப் பெண்ணின் அம்மா. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இந்த வாசல் பாக்கெட்டு இருக்கில்ல, அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தா ஏத்துக்குவீங்களா? தினம் முடியல."

"எந்தப் பாக்கெட்டு?"

"அதான், பள்ளிக்கூடத்துக்கு உள்ள வரணும்னா வாசல்ல ஒண்ணு குடுக்கணுமில்ல? நாங்க வீட்டுல இதெல்லாம் வாங்கறதே இல்ல டீச்சர். இவளுக்கு அதோட ருசியே தெரியாது. நீங்க சட்டம் போட்ட அப்புறம்தான் வாங்கிக் குடுத்து விடறேன். இப்ப எதிர்க்கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மான்னு போட்டுட்டாங்க. ஒண்ணு வாசலுக்குன்னா, இன்னொண்ணு இவ வயித்துக்குப் போவுது. வீட்டுல குடுத்து விடற சாப்பாடு அப்படியே திரும்பி வருது. மொச்சு மொச்சுன்னு அதையே தின்னுட்டு ராத்திரி பசிக்கலங்கறா. நீங்க படிச்சவங்க, ஏதோ நல்லதுக்குத்தான் கேப்பீங்க. ஆனா எனக்குக் கட்டுப்படி ஆகல."

டீச்சர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். தையல்காரி கவலையோடு அவளைப் பார்த்தாள்.

"அரைப் பாக்கெட்டா குடுத்தாலும் போதுமா டீச்சர்?"

"ஒண்ணும் குடுக்க வேணாம். போங்கம்மா. நான் பேசிக்கறேன்."

வாசலுக்கு அவள் போன வேகத்தில் காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணா, பாக்கெட்டு கொண்டு வராத பிள்ளைங்ககிட்டயும் பாக்கெட்டு கேக்கறீங்களா?"

"கேக்காம?"

"கொண்டு வரலைன்னா?"

"திருப்பி அனுப்பிடுவேன். கடையில வாங்கிட்டு வந்துரும்." பெருமையோடு சொன்னார். "ரொம்பச் சின்னப் பிள்ளைங்க அழுதா மட்டும் கூடையிலேருந்து ஒண்ணை எடுத்துக் கையில குடுத்து, அதையே திரும்ப வாங்கிப் போட்டுக்குவேன். சட்டம் சட்டம்தானே டீச்சர்."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இது தன்னை மாட்ட வைக்க வந்த கேள்வி என்ற சந்தேகம் இப்போது அவர் முகத்தில் வந்திருந்தது.

"நீங்கதான். கூடை நிறையணும், ஒரு பிள்ளையையும் சும்மா விடாதேன்னு. நான் எதிர்க்கடைக்காரன்கூட டீ குடிக்கிறதையே விட்டுட்டேன். இன்னி வரைக்கும் ஒரு பிள்ளை என்னைத் தாண்டிச் சும்மா உள்ள போனதில்ல. இப்ப வந்து யாரு சொன்னதுன்னா?"

பள்ளியில் பாக்கெட் தொடாத பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு திட்டம் வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தது. மற்றவர்களைச் சந்தேகப்படும்போது அவளுக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வரும். இப்போது சந்தேகப்பட மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"இனிமே பையில இருந்தா மட்டும் எடுங்க. இல்லைன்னா உள்ள விடுங்க."

"எழுதிக் குடுக்கறீங்களா?"

"எதுக்கு?"

"நாளைக்குக் கூடை காலியா இருந்தா மறுபடி என்னைத்தானே கேப்பீங்க."

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டும் தட்டிக்கொண்டார்.

பெரிய மைக்கிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். முழுவதையும் சொல்லத்தான் போனாள். அவர் மேசையில் கூடைகளின் படம் ஒன்று சுவரளவுக்கு அச்சாகி விரிந்திருந்தது. படத்தில் கூடைக்குப் பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வேட்டையாடிய புலியோடு நிற்கிறவர் மாதிரி.

"சார், கூடை இவ்வளவு நிறையறது நல்லதில்ல சார்."

"என்னம்மா சொல்றே?"

"கூடை காலியா இருந்தாதானே சார் நமக்கு வெற்றி? பிள்ளைங்க ஒண்ணும் கொண்டு வரலைன்னுதானே அர்த்தம்?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். சிந்தித்தார் என்று சொல்வதற்கில்லை, மூடிக்கொண்டார்.

"அது தத்துவம்மா. அதிகாரிக்குத் தத்துவத்தைக் காட்ட முடியாது, கூடையைத்தான் காட்ட முடியும். அவர் வர்ற அன்னிக்கு ரெண்டு கூடையும் கழுத்து வரைக்கும் இருக்கணும். உன் ஆணை அவர் பையிலதான் வருது, ஞாபகம் வெச்சுக்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் பக்கத்து வகுப்புக்கு மட்டும்தான் கேட்கும். "ஏன், யாராவது உள்ளுக்குள்ள வேலை செய்யறாங்களா? எனக்கு அந்தக் காவலாளி மேல முதல்லேருந்தே ஒரு சந்தேகம்."

"அவர் மேல தப்பில்ல சார்," என்றாள் டீச்சர். அதற்கடுத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து, நிரந்தர ஆணையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று.

காவலாளி அவள் எழுதிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்தார். இரண்டு நாளில் கூடை வற்றிவிட்டது. பிள்ளைகள் வாசலில் கொடுப்பதை நிறுத்தினார்கள், தின்பதை நிறுத்தவில்லை. பழகிய நாக்குக்கு யார் எழுதிக் கொடுப்பது? பாக்கெட் இப்போது காலுறைக்குள்ளும் குடைக்குள்ளும் உள்ளே போனது. குச்சி மட்டும் வாசலைத் தாண்டும்போது வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் பாக்கெட்டில் அந்தக் கையை விட்டாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் டீச்சர் கண்ணாடிகூடப் பார்க்காமல் வீட்டிலிருந்து கிளம்பினாள். எதிர்க்கடையின் கதவு பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க டீச்சர்! என்னடா, வியாபாரமே படுத்துருச்சேன்னு நினைச்சேன்," என்றார் கடைக்காரர். "வாசலுக்கா, வாய்க்கா?"

"வாசலுக்குத்தான். ரெண்டு கூடை நிறையற அளவுக்கு."

"அப்ப அதே அளவு சும்மாவும் வரும். எங்க வெக்கறது?"

"அதையும் கூடையிலயே போடுங்க."

கடைக்காரர் மரியாதையோடு அவளைப் பார்த்தார். "காவலாளி அண்ணன் எவ்வளவோ தேவலாம்னு தெரியுது," என்று சொல்லிக்கொண்டே மூட்டை கட்டினார்.

அதிகாரி குளிர்க்கண்ணாடியோடு வந்தார்; டாக்டரம்மா எடைக் கருவியோடு வந்தார். பெரிய மைக் இருவரையும் நேரே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கழுத்து வரை நிறைந்த கூடைகளைக் கண்டதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஒரே நாள்ல பிடிச்சதா?"

"ஒரே காலையில சார்!"

அதிகாரி கூடைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா கூடையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"எல்லாம் ஒரே கடைச் சரக்கு மாதிரி இருக்கு. ஒண்ணுகூடக் கசங்கவும் இல்ல," என்றார். "பிள்ளைங்க பையிலேருந்து வந்ததா இது?"

"எங்க பிள்ளைங்க ஒழுக்கமானவங்க டாக்டர்," என்றார் பெரிய மைக். "கசக்க மாட்டாங்க."

எடை பார்த்து முடித்து, எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் கதவருகில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் குச்சி. டாக்டரம்மாதான் அவளைக் கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தார்.

"எடை எல்லாருக்கும் கூடியிருக்கு," என்று டாக்டரம்மா தொடங்கினார்.

"வளர்ச்சி!" என்றார் பெரிய மைக்.

"இரத்தம் கூடல. இந்தப் பொண்ணுக்குப் போன தடவையைவிட இன்னும் குறைஞ்சிருக்கு. உடம்பு மட்டும் கொஞ்சம் ஊதியிருக்கு. வீட்டுல என்ன பழக்கம்னு தெரியல. பாப்பா, நீ தினம் என்ன சாப்பிடறே?"

குச்சி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சுவரில் இருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தாள். படத்தில் கேரட் சிரித்துக்கொண்டிருந்தது.

"வாசல் பாக்கெட்டு," என்றாள் குச்சி.

"அப்படின்னா?"

"உள்ள வர்றதுக்குக் குடுக்கறது. ஒண்ணு வாசலுக்கு, ஒண்ணு எனக்கு. இப்ப வாசலுக்கு வேணாம்னுட்டாங்க."

அதிகாரி பெரிய மைக்கைப் பார்த்தார். பெரிய மைக் வாயை இரண்டு முறை திறந்து மூடினார். அவர் வாயிலிருந்து சத்தம் வராததை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆனால் அது நீடிக்கவில்லை.

"குழந்தை பறிமுதலைச் சொல்லுது சார்! வாசலுக்கு ஒண்ணு போயிடுதுன்னு எவ்வளவு அழகா உணர்ந்திருக்கா பாருங்க. விழிப்புணர்வு!"

அதிகாரிக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். டீச்சரின் ஆணையில் கையெழுத்துப் போட்டு, ஊதிக் காய வைத்து, எழுந்து நின்று நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா தட்டவில்லை. குச்சி ரொம்ப நேரம் தட்டினாள்.

"டீச்சர்," என்றார் டாக்டரம்மா. "பொறுப்பாளர் நீங்கதானே? இந்தக் குழந்தை சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க."

தாள் கையில் இருந்தது. மை காய்ந்திருந்தது. இனி மேசையைத் துடைத்து ஒப்படைக்க வேண்டியதில்லை. இப்போது சொன்னால் என்ன என்று ஒரு துணிச்சல், வாழ்க்கையில் முதன்முறையாக, நிரந்தரமாக, அவளுக்குள் எழுந்தது. டீச்சர் தொண்டையைச் செருமினாள்.

கதவைத் தட்டாமல் எதிர்க்கடைக்காரர் உள்ளே வந்தார். கையில் எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பை.

"மன்னிச்சுக்கங்க, பெரியவங்க எல்லாம் பேசிக்கிட்டிருக்கீங்க. டீச்சர், மூட்டையைத் தூக்கற அவசரத்துல இதை மறந்துட்டீங்க. நீங்க தனியா எடுத்து வெக்கச் சொன்னது. ஆறிப்போச்சேன்னு மறுபடி சூடு பண்ணி நானே கொண்டாந்துட்டேன்."

டாக்டரம்மா கையை நீட்டிப் பையை வாங்கிப் பிரித்தார். சீஸ் வைத்த பர்கர் இரண்டு.

"இதுவும் வாசலுக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

இல்லை. அது அவளுடைய காலைச் சாப்பாடு. முந்தின நாளும் அதுதான்.